கள்ளின் காலம்: நிக்கோபார்த் தென்னங்கள்ளும் மதுப்பெயர்களின் மொழிபெயர்ப்பும்

முன்னுரை

மதுவகைகளைக் குறிக்கும் சொற்கள் அவற்றின் மூலப்பொருளையும் செய்முறையையும் மட்டும் குறிப்பன அல்ல. ஒவ்வொரு மதுவும் எவ்வளவு காலம் வைத்திருந்து அருந்தத்தக்கது என்னும் அறிவும் அச்சொற்களுள் அடங்கியுள்ளது. தென்னங்கள் ஒரு நாள் நிற்கும். அரிசியில் வடிக்கும் நறும்பிழி இரண்டொரு நாளில் விளைந்து பதமாகும். திராட்சை மதுவில் சில வகைகள் ஓரிரு ஆண்டுகளும், வேறு சில பல பத்தாண்டுகளும் நிற்கும். இவை அனைத்தையும் ஒரே சொல்லால் பெயர்க்கும்போது பொருள் ஓரளவு மாறாமல் நிற்பதுபோலத் தோன்றினும், அப்பொருளோடு பிணைந்த காலம் முற்றிலும் மாறிவிடுகிறது.

இச்சிக்கலை ஆராய்வதற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் ஏற்ற களமாக அமைகின்றன. வெப்பமும் ஈரமும் மிக்க இத்தீவுகளில் தென்னங்கள்ளே மரபான மது. அது சேமித்து வைக்கும் பொருளன்று. ஆனால் கடல்வழியே இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்த சாராயமும் திராட்சை மதுவும், அவற்றோடு வந்த நூல்களும், வேறொரு காலக் கணக்கை உடையன. இவ்விரு கணக்குகளும் சந்தித்த வரலாற்றையும், பழந்தமிழ் இலக்கியத்தின் மதுப்பெயர்கள் அவ்வரலாற்றுக்குத் தரும் விளக்கத்தையும், மொழிபெயர்ப்பாளர் இதனால் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தீவுகளும் தென்னையும்

அந்தமான், நிக்கோபார் ஆகிய இரு தீவுக்கூட்டங்களும் ஆட்சி முறையில் ஒன்றாக இணைக்கப்பட்டவை. எனினும் மக்கள் வாழ்வில் அவை வேறுபட்டவை. அந்தமான் பழங்குடியினர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் காடுபடு பொருள்களைத் திரட்டியும் வாழ்ந்தவர்கள். கள் இறக்கும் மரபு அவர்களிடம் இல்லை. அங்குத் தென்னந்தோப்புகள் பெருகியது 1858-இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு அமைந்த பின்னரே ஆகும். (அந்நகர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.)

நிக்கோபார்த் தீவுகளின் நிலை வேறு. ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்த மொழிகளைப் பேசும் நிக்கோபாரியரின் வாழ்வு தென்னையையும் தாழையினத்தைச் சார்ந்த பழமரத்தையும் சார்ந்தது. நெல் முதலிய தானியப் பயிர்கள் அவர்களிடம் மரபாக இல்லை. ஆகவே அசாம், நாகாலாந்து, பர்மா ஆகிய பகுதிகளில் காணப்படும் அரிசி மது இங்குத் தோன்ற வழியில்லை. தேங்காயே உணவாகவும், பன்றிக்குத் தீனியாகவும், வணிகத்தில் நாணயமாகவும் பயன்பட்டது. அயல்நாட்டுக் கப்பல்களோடு நடந்த பண்டமாற்றில் துணியும் இரும்பும் பிறவும் தேங்காய்க் கணக்கிலேயே விலை பேசப்பட்டன.

இப்பின்னணியில் கள்ளின் விலை எளிதில் விளங்கும். கள்ளுக்காகச் சீவப்படும் பாளை காய் தருவதில்லை. ஒரு பாளையைச் சீவுவது ஒரு குலைத் தேங்காயைத் துறப்பதாகும். தேங்காயை நாணயமாகக் கொண்ட சமூகத்தில் கள் என்பது செலவழிக்கப்பட்ட நாணயமே. அவ்வாறு செலவழித்துப் பெற்ற பொருளும் மறுநாளைக்கு நிற்பதில்லை. எனவே விழாக்களுக்கும் இறந்தோர் நினைவுச் சடங்குகளுக்கும் வேண்டிய கள்ளை முன்கூட்டியே சேர்த்துவைக்க இயலாது. விழா நாளைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்பப் பாளைகளைப் பக்குவப்படுத்தி, வேண்டிய அளவு மரங்களிலிருந்து ஒரே வேளையில் இறக்கவேண்டும். சேமிப்பு என்பது இங்குக் கலத்தில் இல்லை. மரத்தில்தான் உள்ளது எனலாம்.

கள் ஒரு நாளில் முதிர்வது ஏன்?

தென்னம்பாளையிலிருந்து வடியும் சாறு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு சர்க்கரை உடையது. அதில் புளிப்புத் தன்மை மிகக் குறைவு. கலத்தில் சொட்டத் தொடங்கிய கணமே காற்றிலும் கலத்தின் சுவரிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதில் வினைபுரியத் தொடங்குகின்றன. முதலில் பால்புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அடுத்து நொதியம் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. ஒரு நாளளவில் இச்சத்து 4 முதல் 6 விழுக்காடு வரை உயர்கிறது. அதன்பின் காற்றின் துணையால் வாழும் நுண்ணுயிர்கள் சாராயச் சத்தைக் காடியாக மாற்றுகின்றன. இரண்டு மூன்று நாள்களில் அது அருந்தும் நிலையைக் கடந்து காடியாகவே ஆகிவிடுகிறது.

திராட்சை மது நெடுங்காலம் நிற்பதற்குக் காரணம் இவற்றிற்கு நேர்மாறானது. திராட்சைச் சாறு இயல்பாகவே புளிப்பு மிக்கது. அதிலிருந்து வரும் மதுவில் சாராயச் சத்து பெரும்பாலும் 12 முதல் 14 விழுக்காடு வரை உள்ளது. சிவப்பு வகைகளில் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு காப்புப்பொருளாகிறது. இவற்றோடு கந்தகப் புகையும், காற்றுப் புகாத கலமும், குளிர்ந்த நிலவறையும் சேர்ந்தால் மது நிற்கிறது. ஆயினும் எல்லாத் திராட்சை மதுவும் ஒரே அளவு நிற்பதில்லை. சாதாரண வெள்ளை மது ஓரிரு ஆண்டுகளிலும், சாதாரணச் சிவப்பு மது சில ஆண்டுகளிலும் அருந்திவிடத்தக்கவை. போர்தோ பகுதியின் சிறந்த சிவப்பு மது பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை வளரும். சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்ட போர்ட் மதுவில் சிறந்த ஆண்டுகளின் விளைவு அதனினும் நீண்டு நிற்கும். மதீரா மது ஒரு நூற்றாண்டைக் கடந்தும் கெடுவதில்லை.

புட்டியைத் திறந்துவிட்டால் இக்கணக்கு முழுவதும் மாறும். காற்று புகுந்த சாதாரணத் திராட்சை மது சில நாள்களிலேயே தன் சுவையை இழக்கிறது. கள்ளின் கலம் தொடக்கம் முதலே திறந்த கலம். ஆகவே கள்ளுக்கும் திராட்சை மதுவுக்கும் உள்ள கால வேறுபாட்டில் பெரும்பகுதி கலத்தின் வேறுபாடே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இந்தியப் பெருங்கடல் வழக்கில் இவ்வறிவு பழமையானது. 1686-இல் குவாம் தீவை அடைந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், தென்னங்கள்ளைப் பற்றி எழுதுகையில், அது இனிமையானது என்றும், இறக்கிய இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் அருந்தவேண்டியது என்றும், பின்னர்ப் புளித்துவிடும் என்றும் குறித்துள்ளார். அவர் 1688-இல் பெரிய நிக்கோபார்த் தீவில் கப்பலைவிட்டு இறங்கி, அங்கிருந்து சிறு படகில் அச்சே சென்றவர். அவருடைய பயண நூல் 1697-இல் வெளிவந்தது. ஐரோப்பிய வாசகருக்குக் கள்ளை அறிமுகப்படுத்தும் அவ்விடத்தில், அவர் அதனை மரத்திலிருந்து வடியும் ஒருவகை ஒயின் என்று கூறிவிட்டு, உடனே அதன் கால எல்லையையும் சேர்த்துச் சொல்கிறார். ஒயின் என்னும் சொல் ஏற்படுத்தக்கூடிய தவறான எதிர்பார்ப்பை அக்கால எல்லை திருத்திவிடுகிறது. மொழிபெயர்ப்பு நோக்கில் இது குறிப்பிடத்தக்க முறையாகும்.

கடல் தாண்டிய மது

நிக்கோபார்த் தீவுகள் தமிழகத்திற்கும் தென்கிழக்கு ஆசியாவிற்கும் இடைப்பட்ட கடல்வழியில் அமைந்தவை. முதலாம் இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டளவிலான கடாரப் படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தி இத்தீவுகளை மாநக்கவாரம் எனக் குறிக்கிறது. தேன் பொருந்திய சோலைகளை உடையது என்னும் பொருள்பட அதற்கு ஓர் அடையும் தரப்பட்டுள்ளது. தேன் என்னும் சொல் பழந்தமிழில் தேனையும் கள்ளையும் குறிக்கும். மது, நறவு, மட்டு ஆகிய சொற்களுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. எனினும் மெய்க்கீர்த்தியின் அடைகள் பெரும்பாலும் செய்யுள் மரபைத் தழுவியவை. ஆதலின் இவ்வடையைக் கொண்டு 11-ஆம் நூற்றாண்டு நிக்கோபாரில் கள் இருந்ததென நிறுவுதல் பொருந்தாது. சொல்லின் இரட்டைப் பொருளை மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கொள்ள வேண்டும் என்பதே இங்குப் பெறப்படுவது.

1756-இல் டேனிஷ் ஆட்சியினர் நிக்கோபாரைத் தமதெனக் கொண்டு, தரங்கம்பாடியிலிருந்து அதனை ஆள முற்பட்டனர். காய்ச்சலால் அக்குடியேற்றங்கள் நிலைக்கவில்லை. 1768 முதல் மொரேவியச் சமயத்தொண்டர்கள் தரங்கம்பாடி வழியாக அங்குச் சென்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்று, 1787-இல் கைவிட்டுத் திரும்பினர். 1868-இல் டேனிஷ் அரசு தன் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றது. 1869-இல் காமோர்ட்டாவில் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பு ஒன்றை அமைத்து, 1888 வரை நடத்தினர்.

இக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வந்த கப்பல்களில் சாதாரணத் திராட்சை மது வெப்பத்தால் எளிதில் கெட்டது. திராட்சை மதுவைச் சேமிக்க ஏற்ற வெப்பநிலை 12 அல்லது 13 பாகை செல்சியஸ் என்பர். நிக்கோபாரில் ஆண்டு முழுவதும் 23 முதல் 31 பாகை வரை நிலவும். இதற்கு விதிவிலக்காக நின்றது மதீரா மது. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கிலுள்ள மதீரா தீவில் நின்று சென்ற கப்பல்கள் அதனை ஏற்றிச் சென்றன. வெப்பமண்டலத்தைக் கடந்து சென்று மீண்ட மது முன்னைவிடச் சுவை மிகுந்திருப்பதை வணிகர்கள் கண்டனர். கடற்பயணம் செய்து மீண்ட மது எனத் தனிப்பெயர் இட்டு அதனைக் கூடுதல் விலைக்கும் விற்றனர். பிற மதுவைக் கெடுத்த வெப்பமே இதனை முதிர்வித்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் மதீராவைப் பெரிதும் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

காய்ச்சி வடித்த சாராயத்தின் நிலை இவ்விரண்டினும் வேறானது. கள்ளைக் காய்ச்சி வடிக்கும்போது அதன் புளிப்பு வளர்ச்சி நின்றுவிடுகிறது. கள் ஒரு நாள் பொருள்; அதிலிருந்து வடித்த சாராயம் ஆண்டுக் கணக்கில் நிற்கும் பொருள். இலங்கையில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் முதிரவிடும் வழக்கம் இன்றும் உள்ளது. நிற்கும் பொருளே ஏற்றுமதிக்கு உரியது. ஆகவே நிக்கோபாரியரின் கள் தீவைவிட்டு வெளியே செல்லவில்லை. வெளியார் சாராயம் தீவுக்குள் வந்தது. அன்றன்று இறக்கி, ஊரார் கூடி அன்றே குடித்து முடிக்கவேண்டிய மதுவுக்குப் பக்கத்தில், ஒருவர் தனக்கெனப் பதுக்கிவைக்கக்கூடிய மது வந்து நின்றது. சேமிப்புக் காலத்தின் வேறுபாடு குடிக்கும் முறையையும் உடைமை முறையையும் மாற்றவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

பழந்தமிழில் மதுவின் காலம்

தமிழ்ச் சான்றோர் மதுவின் முதிர்ச்சியை நுட்பமாக வேறுபடுத்தியுள்ளனர். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் செய்யப்படும் அரிசி மதுவின் செய்முறையை விரிவாகக் கூறுகிறது. களியாகத் துழாவிய அரிசிக் கூழை அகன்ற வாயுடைய கலத்தில் ஆற்றி, நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயை உடைய சாடியில் அதனை விளையவிடுகின்றனர். இளமைத் தன்மை நீங்க என்னும் பொருளில் அங்கு வழைச்சு என்னும் அரிய சொல் ஆளப்பட்டுள்ளது. புதிய மதுவின் பக்குவமின்மையைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் இருந்தமை இதனால் அறியப்படுகிறது.

மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் மூங்கிற்குழாயில் முதிரவிட்ட தேனாலாகிய தேறலைக் கூறுகின்றன. மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடையிலுள்ள குழாய் காற்றுப் புகாத கலமாக அமையும். கபிலர் பாரியின் பறம்பு நாட்டைப் பாடிய புறநானூற்று 120-ஆம் பாடல், மண்ணில் புதைத்து முதிர்வித்த தேறலைக் குறிக்கிறது. நிலத்தடியின் குளிர்ச்சியும் மூடிய கலமும் மதுவின் வாழ்நாளை நீட்டும் என்னும் அறிவு இதில் வெளிப்படுகிறது. ஐரோப்பியர் நிலவறையில் செய்ததைப் பறம்பு நாட்டார் புதைகலத்தில் செய்தனர் எனலாம்.

ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்று 392-ஆம் பாடல், பல நாள் நின்று முதிர்ந்த தேறலின் கடுப்பைத் தேள் கொட்டும் கடுப்போடு ஒப்பிடுகிறது. நக்கீரனார் பாண்டியன் நன்மாறனைப் பாடிய 56-ஆம் பாடல், யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலைக் கூறுகிறது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் பிற்கால ஆய்வுகளிலும் மத்தியதரைக் கடற்பகுதியின் இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்துள்ளன. அவற்றுள் கோஸ் தீவு மரபில் அமைந்த மதுச்சாடிகளும் உள்ளன. கோஸ் மது கடல்நீர் சேர்த்துச் செய்யப்பட்டது. அது கெடாமல் நிற்க உப்பு துணைசெய்தது. செங்கடலைக் கடந்து பருவக்காற்றில் பல மாதம் பயணம் செய்து வந்த மது அத்தகைய காப்பு இன்றி வந்திருக்க இயலாது.

இச்சான்றுகளில் யவனர் மதுவுக்கும் புதைகலத்து மதுவுக்கும் மூங்கில் மதுவுக்கும் தேறல் என்னும் சொல்லே ஆளப்பட்டமை கருதத்தக்கது. தேறு என்னும் வினை தெளிதல், முதிர்தல் என்னும் பொருளுடையது. தேறல் என்பது மண்டி கீழே தங்கத் தெளிந்து நின்ற மது. தெளிவதற்குக் காலம் வேண்டும். ஆகவே காலம் இச்சொல்லின் வேரிலேயே அமைந்துள்ளது. கள் என்னும் பொதுச்சொல்லுக்கு இக்கட்டாயம் இல்லை.

வட்டார வழக்கில் எஞ்சிய காலக்கணக்கு

இந்நுட்பம் இலக்கிய வழக்கோடு நின்றுவிடவில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கும் சாறு புளிக்காது. அதற்குப் பதநீர் என்பது பொதுப்பெயர். பதம் என்னும் சொல் உரிய பக்குவத்தைக் குறிக்கும். கொங்குநாட்டில் இது தெளுவு எனவும், குமரி, நெல்லைப் பகுதிகளில் அக்கானி எனவும், யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் எனவும் வழங்குகிறது. சுண்ணாம்பு இடாமல் இறக்கியது கள். நின்று புளித்தது புளித்த கள். அதற்கும் அப்பால் சென்றது காடி. ஒரே மரத்தின் ஒரே சாறு, கழிந்த நேரத்திற்கு ஏற்ப வெவ்வேறு பெயர் பெறுகிறது.

ஈழத் தமிழில் காடியை வினாகிரி என்பர். இது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். புளித்த ஒயின் என்பதே அதன் மூலப்பொருள். ஆகவே காலம் கடந்த மதுவுக்கு வேறு பெயரிடும் வழக்கம் ஐரோப்பிய மொழிகளிலும் உண்டு. டாடி என்னும் ஆங்கிலச் சொல்லோ பனையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்த தாடி என்னும் இந்திச் சொல்லின் திரிபு. அது மரத்தின் பெயரைச் சொல்கிறது, காலத்தைச் சொல்வதில்லை. பதநீரையும் கள்ளையும் புளித்த கள்ளையும் ஆங்கிலத்தில் ஒன்றாக டாடி என்று பெயர்த்தால், தமிழ் மூன்றாகப் பிரித்த பொருள் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

பழைய என்னும் அடைச்சொல்லின் இயல்பும் இங்கு ஆராயத்தக்கது. இச்சொல் குறிக்கும் கால அளவு அது தழுவும் பெயரைப் பொறுத்தது. பழைய சோறு என்பது நேற்றைய சோறு. பழைய அரிசி என்பது ஓர் ஆண்டேனும் கழிந்த அரிசி. பழைய கள் என்பது நேற்றைய கள். பழைய ஒயின் என்பது பல ஆண்டு நின்ற ஒயின். மதிப்பும் இவ்வாறே மாறும். பழைய அரிசியும் பழைய புளியும் உயர்ந்தவை. பழைய கள் தாழ்ந்தது. புறநானூற்றில் நாட்படுதல் தேறலுக்குப் புகழாக நிற்கிறது. இக்கால வழக்கில் நாள்பட்ட என்பது உணவுக்கும் நோய்க்கும் குறையாக நிற்கிறது. அடைச்சொல்லை மட்டும் பெயர்த்து அதன் கால அளவையும் மதிப்பையும் விட்டுவிடும் மொழிபெயர்ப்பு நிறைவுடையதாகாது.

தரங்கம்பாடியும் கார் நிக்கோபாரும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

இதுவரை கூறிய வேறுபாடு மொழிபெயர்ப்பில் எவ்வாறு சிக்கலாகிறது என்பதற்கு விவிலிய மொழிபெயர்ப்பு தெளிவான எடுத்துக்காட்டாகும். சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அச்சேறியது. பிற்காலத் தமிழ் விவிலியத்தில் ஒயினைக் குறிக்கத் திராட்சரசம் என்னும் சொல் நிலைபெற்றது. இச்சொல்லின் நேர்ப்பொருள் திராட்சையின் சாறு என்பதே. மூலப்பொருள் இச்சொல்லில் உள்ளது. நொதித்தலும் முதிர்தலும் இல்லை. தேறல் என்னும் பழஞ்சொல் கைக்கொள்ளப்பட்டிருந்தால் காலம் இடம்பெற்றிருக்கும். ஆனால் திராட்சை இடம்பெற்றிராது. மேலும் அக்காலப் பேச்சுவழக்கில் தேறல் வழங்கவில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டிய நிலையில் மொழிபெயர்ப்பாளர் மூலப்பொருளைத் தேர்ந்தனர்.

லூக்கா நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், புதிய மதுவைப் பழைய தோற்கலத்தில் ஊற்றுவதில்லை என்னும் உவமை வருகிறது. அதன் இறுதியில், பழைய மதுவை அருந்தியவர் புதியதை விரும்புவதில்லை, பழையதே நல்லது என்பர் என்னும் கருத்து அமைந்துள்ளது. மத்தியதரைக் கடல் நாட்டாருக்கு இது விளக்கம் வேண்டாத உலகியல் உண்மை. கள்ளை மட்டுமே அறிந்தவருக்கோ இது உண்மைக்கு மாறான கூற்று. இறக்கிய அன்றே இனிப்பதும் மறுநாள் புளிப்பதுமான மதுவில் பழையதே நல்லது என்பார் எவரும் இலர். கலத்தைப் பற்றிய பகுதி ஓரளவு விளங்கக்கூடும். நொதிக்கும் கள் நுரைத்துப் பொங்குவதைக் கண்டவர், இறுக மூடிய கலம் வெடிக்கும் என்பதை அறிவர். காலத்தைப் பற்றிய பகுதியே விளங்காது.

கார் நிக்கோபாரில் 1890-களில் வேதப்பன் சாலமோன் என்னும் தென்னிந்தியச் சமய ஆசிரியர் மூஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் பின்னர் அத்தீவினரின் தலைவராகவும் ஆயராகவும் விளங்கினார். 1952-இல் தீவுகளின் சார்பில் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவரும் அவரே. விவிலியத்தைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்க்கும் பணியில் அவர் பெரும்பங்கு கொண்டார். தென்னங்கள்ளின் நாட்டில் பிறந்த ஒருவர் முதிர்ந்த திராட்சை மதுவைப் போற்றும் நூலைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தார் என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும்.

இத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. அயற்சொல்லை அப்படியே கடன்பெறலாம். அப்போது பொருள் அந்நியமாக நிற்கும்; பிழை நேராது. உள்ளூர் மதுவின் பெயரை இடலாம். அப்போது விருந்தும் மகிழ்ச்சியும் உடனே விளங்கும். பழையதே நல்லது என்னும் கூற்றோ தலைகீழாகும். விளக்கச்சொல் ஒன்றைச் சேர்க்கலாம். அப்போது காலம் தெளிவாகும், நடை தளரும். யூஜின் நைடா 1964-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த இயங்குநிலைச் சமன்மை, பெறுவோரிடம் நிகழும் விளைவையே அளவுகோலாகக் கொள்கிறது. அவ்வளவுகோலின்படி ஒரு நூலின் எல்லா இடங்களுக்கும் ஒரே உள்ளூர்ச் சொல் பொருந்தாது என்பது மேற்காட்டிய சான்றால் விளங்கும். விருந்தைக் கூறும் இடத்தில் கள் பொருந்தலாம். முதிர்வைக் கூறும் இடத்தில் பொருந்தாது.

ஐரோப்பியருக்குப் பழைய மதுவே எக்காலத்தும் உயர்ந்ததாக இருந்தது என்று கொள்ளுதலும் பொருந்தாது. உரோமர் மூடிய சாடிகளில் மதுவை முதிரவிட்டனர். இடைக்கால ஐரோப்பாவில் மரப்பீப்பாய்களில் வைக்கப்பட்ட மது ஓராண்டளவில் கெடத் தொடங்கியதால், புதிய மதுவே கூடுதல் விலை பெற்றது. வலிய கண்ணாடிப் புட்டியும் தக்கை அடைப்பும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பரவிய பின்னரே முதிர்ந்த மது மீண்டும் உயர்வு பெற்றது. ஆகவே இடைக்கால ஐரோப்பிய நூலொன்றைப் பெயர்ப்பவர் அதிலுள்ள பழைய மதுவை இக்கால மதிப்பீட்டால் அளத்தல் தவறாகும். கலத்தின் வரலாறு சொல்லின் பொருளையும் மாற்றியுள்ளது.

அகராதியியல் நோக்கு

நிக்கோபார் மொழிகளுக்குக் குறிப்பிடத்தக்க அகராதிகள் உள்ளன. டி ரோப்ஸ்டார்ப் தொகுத்த நான்கௌரி வழக்கின் அகராதி அவர் மறைவுக்குப் பின் 1884-இல் வெளிவந்தது. எட்வர்ட் ஹோரஸ் மான் தொகுத்த நடுநிக்கோபார் மொழி அகராதி 1889-இலும், ஜார்ஜ் ஒயிட்ஹெட் தொகுத்த கார் நிக்கோபார் மொழி அகராதி 1925-இலும் வெளிவந்தன. சொல்லுக்கு எதிரே சொல்லை நிறுத்தும் இருமொழி அகராதியில் காலம் இடம்பெறுவது அரிது. மதுப்பெயர்களுக்குப் பதிவு செய்யும்போது மூலப்பொருள், செய்முறை, கலம், அருந்தும் கால எல்லை, எல்லை கடந்தபின் பெறும் பெயர், புதியது பழையது ஆகியவற்றுள் எது மதிப்புடையது என்னும் ஆறு செய்திகளையும் சேர்த்துத் தருதல் வேண்டும். பதநீர், கள், தேறல், காடி என்னும் தமிழ்ச் சொற்களுக்கு இம்முறையைப் பின்பற்றினால் அவற்றுக்கிடையேயான உறவு ஒரே பார்வையில் புலப்படும்.

எழுத்துவடிவில் நேரும் மயக்கம் ஒன்றும் இங்குச் சுட்டத்தக்கது. கள் என்பது பெயராகவும் பன்மை விகுதியாகவும் வருவதால், பழங்கள் என்பது பழத்தின் பன்மையாகவும் பழைய கள்ளாகவும் பொருள்படக்கூடும். இடம் நோக்கியே பொருள் துணியவேண்டும்.

இப்பணி காலந்தாழ்த்தாமல் மேற்கொள்ளத்தக்கது. தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் கள் இறக்குவதற்கும் விற்பதற்கும் தடை உள்ளது. தடையின் நன்மை தீமைகள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. மொழியியல் நோக்கில், பாளை சீவும் தொழிலோடு வாழ்ந்த சொற்கள் ஒரு தலைமுறைக்கு மேலாக வாய்வழக்கை இழந்துவருகின்றன. நிக்கோபாரில் 2004 திசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலை கடற்கரைத் தென்னந்தோப்புகளைப் பேரளவில் அழித்தது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். மரம் மீண்டும் வளரும். மரத்தோடு பழகிய மூத்தோர் பலர் மீளவில்லை. கச்சால் தீவில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் இரப்பர்த் தோட்டத் தொழிலுக்காகக் குடியமர்த்தப்பட்டுள்ளனர். தமிழும் நிக்கோபார் மொழியும் அண்மையில் வழங்கும் அத்தகைய இடங்களில் இருமொழிச் சொற்களையும் ஒருங்கே திரட்டுதல் பயனுடையதாகும்.

முடிவுரை

மது எவ்வளவு காலம் நிற்கும் என்பது அதன் புளிப்பு, சாராயச் சத்து, கலம், வெப்பநிலை ஆகியவற்றால் அமைவது. ஒவ்வொரு சமூகமும் தனக்குக் கிடைத்த மதுவின் காலத்திற்கு ஏற்பத் தன் விருந்தையும் சொல்லையும் மதிப்பீட்டையும் அமைத்துக்கொண்டுள்ளது. நிக்கோபாரியரின் கள் ஒரு நாள் மது. அது பகிர்ந்து குடிப்பதற்கே உரியது. பறம்பு நாட்டாரின் புதைகலத் தேறலும் யவனரின் சாடி மதுவும் முதிர்ந்து சிறப்பன. இவற்றை எல்லாம் ஒயின் என்னும் ஒரு சொல்லிலோ, கள் என்னும் ஒரு சொல்லிலோ அடக்கும் மொழிபெயர்ப்பு, மூலநூல் உயர்த்தியதைத் தாழ்த்தவும் தாழ்த்தியதை உயர்த்தவும் நேர்கிறது. மதுப்பெயரைப் பெயர்க்க முற்படுவோர், அது எதிலிருந்து வந்தது என்பதோடு, எத்தனை நாள் நிற்கும் என்பதையும் கேட்டறிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும்.